கையுறை அளவு இரவு

மார்ச்சில் வாங்கினோம் அந்தக் கதவை.
வெளிச்சம் வந்தால் ஏறும், இருட்டினால் இறங்கும்,
ஒற்றைக் கண் வைத்த தகரப் பலகை.
பகலும் இரவும் சரிபாதியாய் இருந்த மாதம்;
எந்த யந்திரமும் யோக்கியமாகத்தான் தெரியும்.

எய்லிஃப் மீன்படகுக்குக் கிளம்பும்போது சொன்னான்:
"இனி நிம்மதியாகத் தூங்கலாம், ரன்வைக்."
தூங்கினேன்,
மே மாதக் கடைசிவரை.

லோஃபோட்டனில் அதன்பிறகு
சூரியன் கடல்வரை இறங்கி வந்து
தண்ணீரைத் தொடாமல் திரும்பிவிடும்,
வாசல்வரை வந்த விருந்தாளி
ஏதோ ஞாபகம் வந்து திரும்புவதுபோல.
பிறந்ததிலிருந்து எனக்கு இது தெரியும்.
கதவுக்குத் தெரியாது என்பதுதான்
தோன்றவில்லை.

ஐந்து மணிக்குத் தீனி வாளியோடு போனேன்.
ஏழில் ஐந்து.
தின்னவில்லை. மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக
அடுக்கி வைத்திருந்தது, விறகு சேர்ப்பதுபோல.
மிங்க்.
கீரியின் உடல், தண்ணீரில் மீனின் பழக்கம்.
உரோமக் கோட்டுக்காக வளர்த்த கூண்டிலிருந்து
தப்பியவற்றின் வம்சம்;
கம்பியும் கொண்டியும் என்னைவிட அதற்குப் பழக்கம்.
உத்தரத்தில் ஒரு கோழி நடுங்கிக்கொண்டிருந்தது.
இன்னொன்றை மத்தியானம்
கவிழ்த்த படகுக்கடியில் கண்டெடுத்தேன்.

கடைக்குப் போன் செய்தேன்.
தெற்கே எங்கோ ஒரு பையன்,
"இருட்டும்வரை காத்திருந்து பாருங்கள்" என்றான்.
"ஆகஸ்டு வரையா?"
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"அங்கே இப்போது மணி என்ன?"

அறுகோண வலையைப் பிய்த்தெறிந்தேன்.
கோழி வெளியே போகாமலிருக்கத்தான் அது;
உள்ளே வருவதைப் பற்றி
எந்த வாக்கும் தந்ததில்லை.
என் சுண்டுவிரல் நுழையாத கம்பிவலையை
ஒரு முழம் மண்ணில் இறக்கி
வெளிப்பக்கமாக மடித்துக் கல் ஏற்றினேன்.
பாறைத் தீவு. கடப்பாரை பொறி பறந்தது.

கதவு மட்டும் பாக்கி.

இரவு பதினொன்று. மலைமேல் முழு வெயில்.
இரண்டையும் இரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டுபோய் விட்டு
அந்தக் கண்ணைக் கட்டைவிரலால் பொத்தினேன்.
ஒரு நிமிடம். இரண்டு.
முதுகில் வெயில்,
விரலுக்கடியில் மெல்ல அந்தி சாய்ந்து
கர்ரென்று இறங்கியது கதவு.
விரலை எடுத்தால் விடிந்துவிடும்.
எய்லிஃபின் பழைய கம்பளிக் கையுறையை மாட்டி
ரப்பர் பட்டையால் இறுக்கினேன்.

மறுநாள் படகிலிருந்து கூப்பிட்டான்,
கதவு எப்படி வேலை செய்கிறது என்று.
டிசம்பரில் அதற்கு டார்ச் அடிக்க வேண்டியிருக்கும் என்றேன்.
சிரித்தான்.
ஐந்தைப் பற்றி
கரைக்கு வந்ததும் சொல்லிக்கொள்ளலாம்.