சாண் சாணாக

குன்னூர்க் கிடங்கில் தரை சமமில்லை.
ரசமட்டம் வைத்துத்தான் கட்டினார்களாம்,
குமிழி நடுவில்தான் நின்றதாம்.
ஆனாலும் பாரம் ஏற்றிய கை ஜாக்கியை
ஒரு நிமிஷம் விட்டுப் பாருங்கள்,
வாசலுக்குப் போகும் மெல்ல,
தெரிந்தவர் யாரோ வந்த மாதிரி.
அதன் சக்கரத்தடியில் எப்போதும்
சில்வர் ஓக் துண்டு ஒன்று.

ஃபோர்க்லிஃப்ட் முற்றத்தோடு சரி.
டீசல். உள்ளே விட்டால்
தேயிலை புகையைக் குடித்துவிடும்.
லாரி முதுகில் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்த அது
குளிர்காலக் காலையில் கால் மணி நேரம் இருமும்.
போஜன் அதுவரை பீடி பிடிப்பான்.

என்னுடையது ஸ்டாக்கர்.
பேட்டரி, சத்தமில்லை,
ஒல்லிக் கம்பம், இரண்டு நாக்கு,
சந்துக்குள் நுழையும்.
பின்னால் நடந்தே ஓட்ட வேண்டும்,
உட்கார இடம் தராத இயந்திரம்.
அதனால்தான் பெண்களிடம் கொடுத்தார்கள் என்று
எனக்கு ஒரு சந்தேகம்.

ஐப்பசி. நாலாம் நாள் மழை.
டஸ்ட் ரகம், இருபது சாக்கு, எழுநூறு கிலோ.
மூன்றாம் தட்டுக்கு, ஒன்பதரை அடி, உயர்த்தினேன்.
நின்றது.
மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.
பொத்தான் விரலுக்கு
செத்த பல்லாக இருந்தது.
கையால் இறக்கும் திருகோ துருவில் இறுகிக் கிடந்தது.

மெக்கானிக் கோயம்புத்தூரில்.
பர்லியாரில் மண் சரிவு.
நாளைக்கு என்றார்,
அடியில் யாரும் நிற்காதீர்கள் என்றார்.
கயிறு கட்டிவிட்டுத் தள்ளி நின்றோம்.

எழுநூறு கிலோவைத் தாங்குவது இரும்பு என்று
அதுவரை நினைத்திருந்தேன்.
ஒரு சொம்பு எண்ணெய்.
அது ஒழுகாமலிருக்க
வளையலைவிடச் சின்னதாய் ஒரு ரப்பர் வளையம்.
அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு,
எதிர்த்தூணின் ஆணிக்கு நேராக இருந்தது பலகை.
நாலுக்கு ஆணிக்கு ஒரு சாண் கீழே.
மூங்கில் கழி நுனியில் சாக்பீஸ் கட்டி
தூணில் கோடு போட்டேன்.
ஐந்துக்கு இன்னொன்று.
"பிள்ளை வளர்றதுக்குக் கோடு போடுவாங்க,
நீ என்னக்கா
குறையறதுக்குப் போடறே" என்றான் போஜன்.

ஆறுக்கு வீட்டுக்குப் போனேன்.
கழியை ராக்காவல் மரியசூசையிடம் கொடுத்தேன்.
சோறு பிசையும்போது நினைத்தேன்,
இப்போது ஆறரை அடி.
பாத்திரம் கழுவும்போது
ஆறு.

காலையில் வந்தபோது
தரையில் உட்கார்ந்திருந்தது.
ஒரு சாக்கு கிழியவில்லை.
யாரோ கைப்பிள்ளையைக் கிடத்திவிட்டு
கையை உருவிக்கொண்ட மாதிரி.
தூணில் இரண்டு மணி வரை கோடுகள் நேராக,
பிறகு வெறும் தூண்,
ஐந்துக்கு ஒன்று, கோணலாக.

மெக்கானிக் மத்தியானம் வந்து
வளையத்தை மாற்றினார். பழையதைக் குப்பையில் போட்டார்.
நான் எடுத்துக்கொண்டேன், எதற்கென்று தெரியாமல்.

ரெஜிஸ்டரில்
இறக்குக் கூலி, சாக்குக்கு மூன்று ரூபாய்.
இறக்கியவர் பெயர்?
பேனாவைக் கொஞ்ச நேரம் உதறிக்கொண்டிருந்தேன்.
மரியசூசை என்று எழுதினேன்.
நடுவில் தூங்கியிருந்தாலும்
அவர்தான் கூட இருந்தார்.

அறுபது ரூபாய்.
மேனேஜர் ஒன்றும் கேட்கவில்லை.