எடுக்காத அழைப்புகள்

காலை எட்டரைக்குப் பிறகு
என் கைபேசிக்குச் சத்தமில்லை.
அதிர்வு மட்டும்.
சட்டைப் பைக்குள்
வண்டு அகப்பட்டது போல் துடிக்கும்.

பெயர் பதிந்திருக்கிறேன்: கடன் இரண்டு.
கடன் ஒன்று கிணற்றுக்கு, அது முடிந்தது.
இது இந்தக் கூடாரத்துக்கு.
பதினாறு இரும்புக் குழாய், மேலே பொலித்தீன்,
நாலு பக்கமும் பூச்சி நுழையாத வலை.
கிரான்குளத்து வெள்ளை மணலில்
கடலுக்கும் வாவிக்கும் நடுவே
அவிழ்க்க மறந்த கலியாணப் பந்தல்.

முதலில் நட்டது நாற்பது கன்று.
காலையில் நிமிர்ந்து நின்றவை
மதியம் தலை சாய்த்தன,
மூன்றாம் நாள்
பச்சை மாறாமலே செத்தன.
ஒரு தண்டை வெட்டித் தண்ணீர்க் கிளாசில் நிறுத்தினேன்.
வெட்டுவாயிலிருந்து
பால்புகை ஒன்று மெல்ல இறங்கியது.
மண்ணில் இருக்கிற வாடல் என்றான்
விவசாயக் கந்தோர்ப் பொடியன்.
"மண்ணை மாத்துங்க, இல்லாட்டிக் காலை மாத்துங்க."

காலை மாற்றினேன்.
சுண்டங்கத்தரி நாற்றைச் சவர அலகால் பிளந்து
கத்தரித் தலையை ஆப்பாகச் சீவி இறக்கி
கிளிப் போட்டு
ஈரச் சாக்கின் கீழே ஏழு நாள் இருட்டில் வைத்தேன்.
இருபத்தாறில் பத்தொன்பது ஒட்டியது.
காட்டுக் கால், வீட்டுத் தலை.
மண் என்ன முணுமுணுத்தாலும்
அந்தக் கால் கேட்பதில்லை.

ஒரு செடிக்கு இரண்டு கிளைதான் விட்டேன்.
மற்றதெல்லாம் கிள்ளி
மேல்கம்பியில் கயிறு கட்டி ஏற்றினேன்.
கச்சான் அடிக்கிற பகலில்
உள்ளே நின்றால் கண்ணிமை வேகும்.
கூரையோரத்துப் பொலித்தீனைச் சுருட்டிவிட்டு
வலையை மட்டும் மூடி வைப்பேன்.
மஞ்சள் தகரமூடியில் கிரீஸ் பூசித் தொங்கவிட்டேன்.
வெள்ளை ஈ அதில் ஒட்டிச் சாகும்.

பூ வந்தது. ஊதா.
ஐந்தாம் நாள் காம்போடு கழன்றது.
அடுத்ததும். அதற்கடுத்ததும்.
தண்டு துளைக்கிற புழுவுக்கு வாசலை அடைத்தேன்,
சரிதான்.
வண்டுக்கும் சேர்த்தல்லவா அடைத்திருக்கிறேன்!

கத்தரிப் பூவை உற்றுப் பார்த்தால் தெரியும்:
நடுவில் மஞ்சள் குழல்கள்,
உப்புக் குப்பி போல நுனியில் மட்டும் துளை.
உலுக்காமல் கொட்டாது.

அன்று கயிறு முடிந்துகொண்டிருந்தேன்.
கையில் கைபேசி.
கடன் இரண்டு.
எடுக்கவில்லை. விரல் தண்டோடு சாய்ந்திருந்தது.
என் பெருவிரல் நகத்தில்
கொஞ்சம் மஞ்சள் தூள்.

அதன் பிறகு ஒன்பது மணிக்குக் காத்திருந்தேன்.
ஓர் அழைப்பு, முப்பது விநாடி,
அவசரப்படாவிட்டால் மூன்று பூ.
தவணை ஒரு கிழமை பிந்தினால் நாளுக்கு ஐந்து அழைப்பு.
ஞாயிற்றுக்கிழமை யாருமில்லை.
திங்கள் பூவெல்லாம் என்னைப் பார்ப்பதாகத் தோன்றும்.

காய் பிடித்தது.
நகம் அளவு, விரல் அளவு,
பிறகு ஒரு கிழமை ஊரில் இல்லாதவள் திரும்பி வந்தாற்போல்
திடீரென்று முழங்கை அளவு.
காத்தான்குடி நழீம் காக்கா
ஒன்றை எடுத்து மூக்கில் வைத்து
"புழு இல்லை, மருந்து மணமும் இல்லை,
என்னத்தைப் புள்ள போடுற?" என்றார்.
சொன்னால் நம்பவா போகிறார்.

செவ்வாய் ரிஷாந்தன் தம்பி நேரிலேயே வந்தான்.
தலைக்கவசம் ஒரு கையில், கொப்பி மறுகையில்.
"அக்கா, ரெண்டு கிழமை பிந்திற்று.
அடிச்சா எடுக்கிறதும் இல்ல."
"உள்ளே வாங்க, கதவைச் சாத்துங்க, ஈ வரும்."

பதினொரு கிலோ வித்த காசை எண்ணிக் கொடுத்தேன்.
ஒரு கிழமைத் தவணைக்குக் காணும்.
மற்றதற்கு அவன் வாய் திறக்கும்போது
அவன் பையில் துடித்தது.
முகம் மாறியது.
மனேச்சராம்.
விடியத் தொடங்கி ஆறாவது முறையாம்.

எடுக்காதீங்க தம்பி.
இஞ்ச கொண்டாங்க,
இந்தக் காம்பில, இல்ல, கொஞ்சம் கீழே,
ஓம், அப்படியே பிடிச்சிருங்க.