பத்தொன்பது படிகள்

ஜூன் பிறந்து நாலு நாள்.
லூசியானாவின் தெற்கு ஓரம்,
நிலம் தண்ணீருக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கும் ஊர்.
என் கையில் அலுவலகம் கொடுத்த படிவம்,
பதினான்கு கேள்விகள்,
வாலில் நூல் கட்டிய பேனா.

அறுபத்தெட்டு வயதில் நான்
எண்பது தாண்டியவர்களைப் பார்க்கப் போகிறேன்.
பள்ளிப் பேருந்து ஓட்டியவனுக்கு
எல்லா வாசலும் தெரியும் என்று அனுப்பினார்கள்.
வாசல் தெரியும்.
படிகளை எண்ணியதில்லை.

ஒலீதியா வெர்தானின் வீட்டைப்
போன புயலுக்குப் பிறகு தூக்கி வைத்தார்கள்,
பன்னிரண்டு அடி உயரத் தூண்களின்மேல்.
வெள்ளம் இனி எட்டாது.
கடைக்காரப் பையனும் எட்டுவதில்லை.
கயிற்றில் தொங்கும் வாளிக்குள் ரொட்டியைப் போட்டு
ஹாரன் அடித்துவிட்டுப் போகிறான்.

முதல் கேள்வி மருந்துகள்.
மேசைமேல் ஏழு குப்பிகள்.
இன்சுலின் மட்டும் ஃப்ரிட்ஜில்,
வெண்ணெய்க்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது.
"கரண்ட் போனால்?"
"ஐஸ் பெட்டி இருக்கிறது, இறால் பிடித்த காலத்தது.
நாற்றம் போகவில்லை.
என் மருந்துக்கு மூக்கு கிடையாது."

காது மெஷினுக்கு மாற்று பேட்டரி.
கண்ணாடி, பழையதானாலும் சரி.
வீட்டுப் பத்திரம், மகளின் கல்யாணப் படம், பூனை.
பூனையின் பெயர் கவுன்சிலர்.
கூப்பிட்டால் வராது என்பதால்.

கிளம்பச் சொன்னால் கிளம்புவீர்களா?
"போன தடவை மறுத்தேன்.
காவலர் ஒரு மார்க்கர் பேனாவை நீட்டினான்,
பெயரைக் கையில் எழுதிக்கொள்ளச் சொல்லி.
பார், இந்தச் சுருக்கத்தில்
எந்த எழுத்து நேராக நிற்கும்?
கிளம்புவேன் என்று போடு."

அவசரத்துக்கு யார்?
"எஸ்டெல். ஹூஸ்டனில். ஆறு மணி நேரம்."
எழுதத் தொடங்கினேன்.
"எழுதாதே.
வெளியேறச் சொன்ன அன்று
சாலையின் இரண்டு பக்கமும் வெளியேதான் ஓடும்.
என்னைக் கூட்டிப்போக வருகிறவளுக்கு
உள்ளே வர ஒற்றைத் தடம்கூட இருக்காது."
அடித்துவிட்டு
எதிர்வீட்டுக் கியெட்டின் பெயரை எழுதினோம்,
நண்டுக் கூண்டு தூக்குகிறவன்,
முதுகுவலி இன்னும் வராதவன்.

ஏழாம் கேள்வி.
படி ஏறி இறங்க முடியுமா?
"ஏறுவேன்" என்றார்.
"இறங்கி நாளாயிற்று."

மின்தூக்கி ஒன்று உண்டு.
ஏப்ரலிலிருந்து அதற்கும் மூட்டுவலி.
சரியாகவே இருந்தாலும்
கரண்ட் போன இரவில் அது வெறும் அலமாரி.

பேருந்து தேவாலய முனைக்கு வரும்,
இருபது நிமிடம் நிற்கும்.
அச்சில் அப்படித்தான் போட்டிருந்தது,
வேதவாக்கு போல.
பேனாவை மூடினேன்.
"இறங்கிப் பார்க்கலாமா?"

கியெட் பின்னால், நான் முன்னால்,
நடுவில் அவர்,
கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி
பக்கவாட்டில், நண்டு மாதிரி.
ஐந்தாம் படியில் மூச்சு வாங்க நின்றோம்.
ஒன்பதில் கவுன்சிலர் எங்களைக் கடந்து போயிற்று.
பதின்மூன்றில், வீட்டை அளந்த எஞ்சினியரைப்
பிரெஞ்சில் திட்டினார்.
என் முழங்காலும் சேர்ந்து திட்டியது.

நாற்பத்தொரு நிமிடம்.

மண்ணைத் தொட்டதும் செருப்பைக் கழற்றினார்.
மார்டி கிராவுக்குப் பிறகு இப்போதுதான் என்றார்.
ஈரப் புல். எறும்பு கடித்தது. சிரித்தார்.
வீட்டுக்கு அடியில், கூண்டுகளின் நடுவே
நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.
மேலே போகலாமா என்று கேட்டேன்.
காது மெஷினை அணைத்துவிட்டார்.

படிவத்தின் அடியில்
பிற குறிப்புகளுக்கு இரண்டு வரி இடம்.
எழுதினேன்:
இவருக்குப் புயல் மற்றவர்களைவிட
ஒரு நாள் முன்னதாக வருகிறது.
பேருந்து வாசல்வரை வரட்டும்.
ஓட்ட ஆள் இல்லையென்றால்
கீழே என் தொலைபேசி எண்.

எட்டு முதல் பதினான்கு வரை காலி.
சாயங்காலம் வரை அங்கே
யாரும் அவசரப்படவில்லை,
கடல் உட்பட.