தெரிந்த ஒரு நபர்

குடியாத்தம் அரசு மருத்துவமனை, இரவு பதினொன்றரை.
மூன்றாம் முறையாக வருகிறாள் அம்சவேணி.
"பாத்ரூம்ல வழுக்கிட்டேன் டாக்டர்."
இரண்டு மாதமாகக் குழாயில் தண்ணீர் வராத தெரு அவளுடையது.
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

விபத்துப் பதிவேட்டை விரித்துவைத்துவிட்டார் ஹெலன் சிஸ்டர்.
எங்களுக்கெல்லாம் மனப்பாடமான வாக்கியம் ஒன்று உண்டு:
தெரிந்த ஒரு நபர்
கையால்
வீட்டில் வைத்துத் தாக்கியதாகச் சொல்லப்படுகிறது.

தெரிந்த நபர் வெளியே
வண்டிமேல் சாய்ந்து பீடி பற்றவைக்கிறான்.
அவள் சுற்றியதாகவும் இருக்கலாம்.

"எழுதிடு," என்பார் நூருல் அமீன்,
"எழுதாத டாக்டரைத்தான் கூண்டுல ஏத்துவாங்க."
"நாளைக்கே ரெண்டு பேரும் ஒரே வண்டியில போவாங்க,
சாட்சி சொல்ல நீதான் பஸ் ஏறணும்," என்பார் பெரிய டாக்டர்.
இருவரும் பேசியது எங்களைப் பற்றி.

ஆடியில் எழுதினேன்.
வலது புருவம், மூன்று சென்டிமீட்டர், ஐந்து தையல்.
சீட்டு ஸ்டேஷனுக்குப் போனது.
ஏட்டு வந்தார்,
அவன் வாங்கித் தந்த டீயைக் குடித்தார்,
குடும்பம்னா நாலும் இருக்கும்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.
தையல் பிரிக்க அவள் வரவேயில்லை.

தீபாவளி கழித்து வந்தாள், விலாவைப் பிடித்துக்கொண்டு.
புருவத் தழும்பைத் தொட்டு, யார் பிரித்தது என்றேன்.
"நான்தான். இலை வெட்டுற கத்தரியால.
இங்க வந்தா நீங்க எழுதுவீங்களே."
அன்று நான் எழுதவில்லை.
அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதையும்
சொல்லியாக வேண்டும்.

இன்றைக்கு இடது மணிக்கட்டு.
எக்ஸ்ரே வேண்டியதில்லை, கண்ணுக்கே தெரிகிறது.
இலையை ஏந்துகிற கை.
ஆறு வாரம், நாளுக்கு எண்ணூறு பீடி என்று
உதடு அசையாமல் அவள் கணக்குப் போடுகிறாள்.

பேனாவைத் திறக்கிறேன்.
"எழுதினா எத்தனை நாள் உள்ள வைப்பாங்க?"
ஐந்தரை வருடம் படித்தேன்,
எந்தப் பரீட்சையிலும் வராத கேள்வி.
"தெரியலம்மா."
"எழுதாட்டி?"
"அதுவும் தெரியல."

முதல் முறையாக என் முகத்தைப் பார்க்கிறாள்.
பிறகு சிஸ்டரிடம் சொல்கிறாள்:
"அந்தக் கதவைச் சாத்துங்க.
முதல்ல கட்டுப் போடுங்க, வலி தாங்கல.
கட்டு காயறதுக்குள்ள சொல்றேன்."

என் உள்ளங்கைக்குள் ஈர மாவு
மெல்லச் சூடேறத் தொடங்குகிறது.
பதிவேட்டில் இதுவரை
தேதி, நேரம், அவள் பெயர்.