செக்குபந்தி

ஏற்காடு தாலுகா ஆபீசுக்கு எதிரே
ஒன்பது வருஷமாக
அடுத்தவர் இழக்கும் நிலங்களை டைப் அடிக்கிறேன்.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
பிழை இருந்தால் திருத்தம் இலவசம்.

மாசிக் கடைசியில் ஒரு ஜப்தி அறிவிப்பு:
நாகலூர் கிராமம், நாலேகால் சென்ட்,
அதில் கூரையில்லாத இரண்டு அறை.
பாக்கிதாரர் பெர்க்மான்ஸ்.
லாட்ஜ் நடத்திய வகையில் சொகுசு வரி, வட்டியுடன்.
செக்குபந்தி:
தெற்கே பொதுப்பாதை, வடக்கே ஓடை,
கிழக்கே பிலோமினா அம்மாள் காப்பிக்காடு,
மேற்கே பாறை.

பாறை என்று அடித்ததும் விரல் நின்றுவிட்டது.
மூன்று பக்கமும் யாருக்காவது பதில் சொல்ல வேண்டும்.
நாலாம் பக்கம்
யாருக்கும் பாக்கி வைக்காமல் உட்கார்ந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன்.
டேப் இல்லை, காலால் அளந்தேன்.
சுவரில் கரியால் கிழித்த மூன்று ஸ்டம்ப்,
தண்ணீர்த் தொட்டிக்குள் குளவிக் கூடு.
முந்தின நாள் மழைக்குக் காப்பி பூத்து
காடு முழுக்க மல்லிகை மாதிரி ஒரு பொய் வாசம்.

முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்.
"ஏலத்துல எடுத்த சொத்து தங்காது" என்றாள்
கோரிமேட்டில் வீட்டு வாடகை வாங்குகிறவள்.
அவள் சொத்து தங்கியிருக்கிறது,
மாசம் ஆறாயிரம் என் கையிலிருந்து.

புதன் பதினொரு மணி.
தலையாரி தட்டியது ஒரு எவர்சில்வர் தட்டு;
தண்டோரா ரிப்பேராம்.
ஆர்.ஐ., வி.ஏ.ஓ., இரண்டு நாய்,
ஆத்தூரிலிருந்து ஜவ்வரிசி மில் முதலாளி ஒருவர்.
கேட்பு விலை இரண்டு நாற்பது.
அவர் ஐந்து ஏற்றினார், நான் ஐந்து,
அவர் ஐந்து, நான் ஐந்து.
பிறகு அவர் மேற்கே திரும்பிப் பார்த்து
"பாறையா? போர் போட்டே அழிஞ்சிருவேன்" என்று
காருக்குப் போய்விட்டார்.
ஒரு தரம்.
ரெண்டு தரம்.
தூக்கிய கையை இறக்க மறந்து நின்றேன்.

பதினைந்து சதவீதம் அங்கேயே கட்ட வேண்டும்.
முப்பத்தொன்பதாயிரம்,
என் கழுத்துச் சங்கிலி
நேற்று சாயங்காலம் காகிதமானது.

சில்வர் ஓக் நிழலில் ஹெல்மெட்டோடு நின்றவர்
நான் கடக்கும்போது சொன்னார்:
"ஓடைப் பக்கம் அட்டை இருக்கும்.
உப்பு வெச்சுக்கங்க."
அவர்தான் பெர்க்மான்ஸ் என்று
யாரும் சொல்லவில்லை, தெரிந்தது.

மீதிக்கு முப்பது நாள்.
செவ்வாய்ப்பேட்டைச் சீட்டைத் தள்ளி எடுத்தேன்,
அதுவும் ஏலம்தான்,
என் பணத்துக்கு நானே குறைத்துக் கேட்பது.
பதினெட்டாயிரம் போனது.
வீணாய்ப்போன தாள்களின் பின்பக்கம்
சமையலறை வரைந்தேன்,
ஜன்னல் மேற்கே.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
பஸ் திரும்பும்போதெல்லாம்
ஜன்னலை ஒரு அடி நகர்த்தினேன்.
பையில் கல் உப்புப் பொட்டலம்.

இருபத்தொன்பதாம் நாள் அவர் கடைக்கு வந்தார்.
ஜீப்பை விற்றாயிற்று,
பாக்கி முழுவதும் கட்டிய சலான் கையில்.
ஏலத்தை ரத்து செய்யக் கோரும் மனு
டைப் அடிக்க வேண்டும்.
மலையில் வேறு கடை இல்லையா என்று நான் கேட்கவில்லை.
"வேற கடையில தப்பு விடறாங்க" என்றார், கேட்காமலே.

அடித்தேன்.
ஏலதாரருக்கு இழப்பீடு ஐந்து சதவீதம்,
ரூபாய் பதிமூன்றாயிரம் மட்டும்.
ஏலதாரர் பெயர் வந்த இடத்தில்
என் பெயரை அடித்தேன், இன்ஷியலோடு.
அவர் எழுதிக் கொண்டுவந்த தாளில்
மேற்கே பாதை என்றிருந்தது.
ஓரெழுத்துதான்.
பாறை என்று மாற்றினேன்.
திருத்தம் இலவசம்.

முப்பது ரூபாய் கொடுத்தார்.
வாங்கிக்கொண்டேன்.

சாயங்கால பஸ்ஸில் கணக்குப் பார்த்தேன்:
சீட்டில் போனது பதினெட்டு, வரப்போவது பதிமூன்று.
இருபத்தொன்பது நாள், நாலேகால் சென்ட்,
வாடகை ஐயாயிரம்.

சீசனில் அது மலிவுதான்.