பொனட்டின் சூடு

இரவு பத்தரைக்கு நிறுத்தும்போது
நாலு சில்லுக்கும் மேலே நாலு விரல் இடைவெளி.
விடிய ஆறு மணிக்கு
முன் இடப்பக்கம் மட்டும்
செருப்புத் தேடிக் குனிந்தவனைப் போல
டயரில் படுத்திருக்கும்.

ஹம்டன் லேனில் எல்லோருக்கும் தெரியும்.
"அண்ணை, உங்கட பென்ஸ் இன்னும் எழும்பேல்லையோ?"
பேப்பர் போடுகிற பெடியன் கூடக் கேட்பான்.
சாவியைத் திருகினால்
அடிவயிற்றில் எங்கேயோ ஒரு மோட்டார்
கிழட்டுத் தேனீயாக இரையும்.
ஒரு நிமிஷம். ஒன்றரை நிமிஷம்.
பிறகு மெல்ல, கௌரவமாக,
ஒன்றும் நடக்காதது போல நிமிர்ந்துவிடும்.

பஞ்சிகாவத்தையில் ஃபவ்மி நானா
சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்தார்.
கறுத்த ரப்பர் மடிப்பில் ஒரு குமிழி வந்தது,
உடைந்தது,
இன்னொன்று வந்தது.
"இதுதான் உங்கட காசு போற வழி."

புதுசு என்றால் ஆறு லட்சத்து நாற்பது.
ஜப்பானில் கழற்றினது ஒன்று எண்பது,
கேரண்டி கடைவாசல் வரைக்கும்.
ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்ற வேண்டும்,
சம்பந்திமார் மாதிரி என்றார்,
ஒருவருக்குப் பட்டு எடுத்தால் மற்றவருக்கும்.
இத்தனை காலம் ஓட்டைக்கு ஊதி ஊதிக்
களைத்துப்போன கம்பிரசர், அது வேறு.
வால்வு வேறு.
கூலியை? "அதைப் பிறகு பாப்பம்."

பழைய தண்ணீர் பில்லின் பின்பக்கத்தில் கூட்டினேன்.
காருக்குக் கொடுத்ததில் பாதி வந்தது.
பிழையாக்கும் என்று திரும்பக் கூட்டினேன்.
பாதிக்குச் சற்று மேலே வந்தது.

"சுருள் கம்பி போடலாம், மலிவு.
ஆனா பிறகு இது லொறி."

கலியாண ஹயருக்கு என்று வாங்கினது.
காலி வீதியில் குழாய்க்குத் தோண்டி மூடாத கிடங்குகள்
வேறு யாருக்கோ நடந்த சங்கதி போலக்
காலுக்குக் கீழே கடந்து போகும்.
அந்த மிதப்புக்குத்தான் காசு.
போன வைகாசியில், மண்டப வாசலில்,
மணப்பெண் உள்ளே இருக்க
கார் உட்கார்ந்தது.
"எனக்குப் பாரம் கூடிப்போச்சுப் போல"
என்று தர்மினி சிரித்தாள்.
அவளுடைய தகப்பன் சிரிக்கவில்லை.
பாதிக் காசுதான் தந்தார்.

கறுவாத்தோட்டத்தில்
அல்விஸ் மாத்தயாவின் வளவுக்கு நான் போன அன்று
இது நிமிர்ந்து நின்றது.
கறுப்புப் பொலிஷில் மாமரம் தலைகீழாகத் தெரிந்தது.
பொனட்டில் கை வைத்தேன். சூடு.
"காலையில் சந்தைக்குப் போய் வந்தேன்."
இரண்டு வேலைக்காரர் உள்ள வீட்டில்
யார் சந்தைக்குப் போகிறார் என்று
எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.
கதவைத் திறந்ததும் வந்த தோல் மணத்தில்
மூக்குத்தான் யோசித்தது.

இன்றைக்குப் பத்து மணிக்கு
வத்தளையிலிருந்து ஒருவர் வருகிறார்.
குரலில் சின்ன வயசு.
மச்சானோடு சேர்ந்து
கலியாண ஹயர் தொடங்கப் போகிறாராம்.

ஒன்பதே முக்காலுக்குச் சாவியோடு இறங்கினேன்.
மேல்மாடியில் துணி காயப்போட்ட சரோ பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
வாயில் இரண்டு கிளிப் இருந்தது.
தேனீ இரைந்தது.
முன் இடப்பக்கம் தலையைத் தூக்கியது.
நிறுத்தினேன்.
அரை மணித்தியாலம் தாங்கும்.

தம்பி வந்தார்.
சுற்றி வந்தார், டயரை ஒருதரம் உதைத்தார்,
பக்கக் கண்ணாடியில் தலைமயிரைச் சரி செய்தார்.
பிறகு பொனட்டில் உள்ளங்கையை வைத்தார்.
வைத்த கையை எடுக்கவில்லை.

"சூடா இருக்குதே, அண்ணை?"

கடல் பக்கமாக ஒரு ரயில் இரைந்துகொண்டு வந்தது.
அது போய் முடியும் வரைக்கும்
எனக்கு நேரம் இருந்தது.