இடப்பக்கம் திரும்பவும்

ஐந்து வருடம் என் முகவரியில்
பின்கோடு இல்லை.

பூஜ்யத்தில் தொடங்கும் நாற்பத்திரண்டு எழுத்து
அவ்வளவுதான் நான்.
எந்த தேசத்திலோ ஒருவன்
விளையாட்டுக்கு டிராகன் வேண்டுமென்பான்.
செதிலுக்குச் செதில் வரைந்து அனுப்புவேன்.
ராத்திரி இரண்டு மணிக்குக் காசு வந்து விழும்.
நாணயம் என்று பெயர், சத்தம் வராது.
எந்த ஊர் என்று அவன் கேட்டதில்லை,
ஆணா பெண்ணா என்றும்.

இங்கே கேட்பார்கள்.
கிரெடிட் கார்டு விற்க வந்தவன்
பேனா மூடியைத் திறந்தபின்
"ஓ, வியாசர்பாடியா மேடம்" என்று
திரும்ப மூடினான்.
கணேசபுரம் சுரங்கப்பாதைத் தாண்டி
வண்டியை நிறுத்தும் டார்ச் வெளிச்சம்
பெயருக்கு முன்னால் கேட்கும்
"எந்த ஏரியா?"

போன செவ்வாய் வந்தது செய்தி.
உங்களை அறிந்துகொள்ள விரும்புகிறோமாம்.
அம்மாவுக்கே வராத ஆசை.
அறியும்வரை காசு
உள்ளேயே பூட்டியிருக்குமாம்.

ஆதாரில் நான் ஜெபக்கனி
பான் கார்டில் ஜபகனி
மார்க் ஷீட்டில் வெறும் கனி.
மூவரும் ஒருத்திதான் என்று
பேசின் பிரிட்ஜ் பக்கத்து நோட்டரி
நிமிர்ந்து பார்க்காமலே நம்பினார்.
முந்நூறு ரூபாய்.

வரி கட்டுவதில் வருத்தமில்லை.
சொல்கிறேன், எதில் வருத்தமென்று.

அது கண்ணாடிச் சுவர் வைத்த வீடு.
யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம்
என்ன சமைத்தாள், யாருக்குப் போட்டாள், எத்தனை மணிக்கு.
யாருடைய வீடு என்பதுமட்டும் தெரியாது.
இன்று வாசலில் பலகை மாட்டுகிறார்கள்.
மாட்டியதும்
பழைய ராத்திரிகள் எல்லாம்
என் பேரைச் சொல்லிக்கொண்டு எழுந்து வருகின்றன.

அதில் ஒன்று
மீன்கொத்தி என்ற பெயரில் இருந்தவளுக்கு
நான் அனுப்பிய நாற்பது டாலர்.
புருஷன் தூங்கும் நேரம் பார்த்து
பஸ் ஏறிவிட்டேன் என்று எழுதியிருந்தாள்.
அதற்குப்பின் எழுதவில்லை.
எழுதாததை நல்ல செய்தி என்றே
வைத்திருந்தேன்.

பெறுநருடன் உங்கள் உறவு?
குடும்பம். நண்பர். வணிகம். மற்றவை.
விரல் வெகுநேரம் காற்றில் நின்றது.

மூன்றாவது தெரு தனபாக்கியத்தை
மறந்துவிட்டுப் பேசக்கூடாது.
சீட்டுப் பணம் எண்பதாயிரத்தை
ஏதோ காயினில் போட்டாள்.
இரட்டிப்பாகும் என்றது ஒரு குரல்.
ஸ்டேஷனில் யாரென்று கேட்டார்கள்.
"கொரலு சார். நல்ல கொரலு."
ஏட்டு சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.
அந்தக் குரலும் என்னைப்போல
நாற்பத்திரண்டு எழுத்துக்குள் குடியிருந்ததுதான்.
ஒரே தெரு. பக்கத்துப் பக்கத்து வீடாகவும்
இருந்திருக்கலாம்.
அவள் குழாயடியில் என்னைப் பார்த்து
"கம்ப்யூட்டர்ல காசு வருதாமே உனுக்கு" என்பாள்.
குடத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே
தலையாட்டுவேன்.

கடைசியில் முகம்.
வட்டத்துக்குள் வைக்கவும்.
வெளிச்சம் போதவில்லை.
குண்டு பல்பைக் கன்னத்தோடு பிடித்தும்
போதவில்லை.
தெருவுக்கு வந்தேன்
கம்பத்து விளக்கடியில் பையன்கள்
செங்கல் இரண்டை நட்டு
பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இடப்பக்கம் திரும்பவும்.
திரும்பினேன், ரயில்வே சுவர்.
வலப்பக்கம் திரும்பவும்.
மாவுக்கடை, யாரோ உற்றுப் பார்க்கிறார்.
கண் சிமிட்டவும்.
சிமிட்டித் திறப்பதற்குள் ரூபன் தோளுக்குமேல் தலை நீட்டி
"இன்னாக்கா, வீடியோ காலா?"
அவன் பின்னால் வியர்வை வடிய
இன்னும் நாலு பேர், பல்லைக் காட்டிக்கொண்டு.

ஒன்றுக்கு மேற்பட்ட முகங்கள் தெரிகின்றன
என்றது சிவப்பு எழுத்து.

ஆமாம் என்று ஒரு பட்டன் தேடினேன்.
மறுபடி முயல்க, அது ஒன்றுதான் இருந்தது.

யாரோ உதைத்த பந்து கால்வாய்ப் பக்கம் உருண்டது.
மொத்தமும் கத்திக்கொண்டு ஓடியது.

வட்டம் பச்சையானது.